இறக்கைக்கு உண்டு, பிளேடுக்கு இல்லை: எஞ்சின் சான்றளிப்பு ஆணையங்களுக்கு ஒரு திறந்த மடல்

விமான எஞ்சின்களுக்குத் தகுதிச் சான்று வழங்கும் ஆணையங்களின் பொறுப்பாளர்களுக்கும், அவற்றின் விதிகளை வரையும் குழுக்களின் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

பயணிகள் விமானத்தின் இறக்கையும் வாலும் காற்றோட்டத்தில் தாமாகவே அதிரத் தொடங்கி உடைந்துவிடக் கூடாது என்பதற்காக உங்கள் விதிநூலில் தெளிவான ஓர் எண் இருக்கிறது. அமெரிக்க விதி 25.629-உம் அதற்கு இணையான ஐரோப்பிய விதியும், வடிவமைப்பில் அனுமதித்த உச்ச வேகத்தைக் காட்டிலும் 15 விழுக்காடு கூடுதல் வேகம் வரை அத்தகைய அதிர்வு எழாது என்று உற்பத்தியாளர் காட்ட வேண்டும் என்கின்றன. உச்ச வேகத்தை நெருங்கும்போது நிலைத்தன்மை பெரிய அளவில் விரைவாகக் குறையக் கூடாது என்றும் அவை சேர்த்துச் சொல்கின்றன. புதிய வடிவமைப்பென்றால் அதைப் பறந்து சோதித்தும் காட்ட வேண்டும். அதே விமானத்தின் எஞ்சினுக்குள் சுழலும் பிளேடுகளுக்கும் இதே வகை ஆபத்து உண்டு. ஆனால் அவற்றுக்கான விதியில் இப்படி ஓர் எண் இல்லை. அந்த எண்ணை விதிக்குள் கொண்டு வாருங்கள் என்று கேட்கவே இந்த மடலை எழுதுகிறேன். சுழலும் இயந்திரங்களின் அதிர்வை அளப்பது என் தொழில்; எனவே, எதை அளக்க முடியும், எதை அளக்காமல் விட்டுவிடுகிறோம் என்பதைப் பற்றியே அதிகம் பேசுவேன்.

ஒரு பிளேடு இரண்டு வழிகளில் அதிரலாம். முதலாவது, வெளியிலிருந்து வரும் தூண்டுதலால் எழும் அதிர்வு. முன்னால் நிற்கும் நிலைப் பிளேடுகளின் பின்னோட்டத்தையோ, உள்வாயில் சீரற்று நுழையும் காற்றையோ ஒவ்வொரு சுற்றிலும் வெட்டிச் செல்லும் பிளேடு, சுழற்சி வேகத்தின் முழு எண் மடங்குகளில் உதை வாங்குகிறது. அந்த உதையின் அதிர்வெண் பிளேடின் இயல்பு அதிர்வெண்ணோடு பொருந்தினால் ஒத்ததிர்வு. நீராவி டர்பைன் சக்கரங்கள் ஏன் உடைகின்றன என்று ஆராய்ந்த வில்ஃபிரெட் கேம்ப்பெல் 1924-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வளர்ந்த வரைபடம்தான் இன்றைக்கும் எல்லா எஞ்சின் நிறுவனங்களின் சுவரிலும் தொங்குகிறது. எந்த வேகத்தில் எந்தக் கோடு எந்தக் கோட்டை வெட்டுகிறது என்று முன்கூட்டியே பார்த்து, அந்த வேகங்களில் எஞ்சின் நீடித்து ஓடாதபடி வடிவமைக்கலாம். இது முற்றிலும் தீர்ந்த சிக்கல் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எங்கே தேட வேண்டும் என்பதாவது தெரிந்த சிக்கல்.

இரண்டாவது வகைதான் இந்த மடலின் பொருள். துறையினர் அதை ஃப்ளட்டர் என்கிறோம். இதற்கு வெளித் தூண்டுதல் எதுவும் தேவையில்லை. பிளேடு மிகச் சிறிதாக அசைகிறது; அந்த அசைவே அதைச் சுற்றிய காற்றழுத்தத்தை மாற்றுகிறது; மாறிய அழுத்தம் பிளேடின் மேல் திரும்ப வேலை செய்கிறது. அந்த அழுத்த மாற்றம் அசைவுக்கு எதிர்க்கட்டத்தில் வந்தால் காற்று பிளேடிலிருந்து ஆற்றலை உறிஞ்சி அதிர்வைத் தணிக்கும். அசைவோடு ஒத்த கட்டத்தில் வந்தால், சரியான நொடியில் ஊஞ்சலைத் தள்ளிவிடும் கையைப் போல, ஒவ்வோர் அலைவிலும் காற்றே பிளேடுக்குள் ஆற்றலை ஏற்றும். பிளேடு தனியாகவும் அசைவதில்லை. பக்கத்துப் பிளேடு எந்தக் கட்டத்தில் அசைகிறது என்பதைப் பொறுத்தே இதன் மேல் விழும் அழுத்தத்தின் கட்டமும் அமைகிறது. ஆகவே ஃப்ளட்டர் என்பது தனிப் பிளேடின் நோயன்று. சக்கரத்தைச் சுற்றி ஓடும் ஓர் அலையாக, எல்லாப் பிளேடுகளும் சேர்ந்தே அதில் விழுகின்றன.

எவ்வளவு விரைவில் என்பதற்கு ஒரு சிறு கணக்கு. இயல்பு அதிர்வெண் 400 ஹெர்ட்ஸ் உள்ள ஒரு பிளேடை எடுத்துக்கொள்வோம். காற்றும் உலோகமும் சேர்ந்து தரும் மொத்தத் தணிப்பு விகிதம் சுழியத்துக்குக் கீழே வெறும் 0.1 விழுக்காடு இறங்கிவிட்டது என்று வைப்போம். அதிர்வின் வீச்சு ஏறத்தாழ 110 அலைவுகளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். ஒரு விநாடி முடிவதற்குள் 10 மடங்காகும். அதன் பிறகு ஏதோ ஒரு நேர்கோடற்ற விளைவு குறுக்கிட்டு வீச்சை ஒரு மட்டத்தில் நிறுத்தலாம், நிறுத்தாமலும் போகலாம். நிறுத்தினாலும் அது நிம்மதியில்லை. 400 ஹெர்ட்ஸில் ஒரு கோடி அலைவுகள் நிறைய 7 மணி நேரமே போதும். உலோகக் களைப்பினால் விரிசல் விழ அவ்வளவுகூடத் தேவைப்படாமல் போகலாம். விமானியின் கையில் இதைத் தடுக்க எதுவும் இல்லை. தடுப்பு என்பது, தணிப்பு சுழியத்துக்குக் கீழே இறங்கும் அந்த எல்லைக் கோட்டை எஞ்சின் ஒருபோதும் தொடாமல் பார்த்துக்கொள்வதுதான். அப்படியானால் அந்தக் கோடு எங்கே இருக்கிறது, எஞ்சின் அதிலிருந்து எவ்வளவு தள்ளி ஓடுகிறது என்பதை அறிந்திருக்க வேண்டும்.

இப்போது உங்கள் விதிக்கு வருகிறேன். எஞ்சின் அதிர்வுச் சோதனை பற்றிய அமெரிக்க விதி 33.83-ஐ உங்களில் பலர் மனப்பாடமாகவே அறிவீர்கள். இரண்டு நிமிடமோ அதற்கு மேலோ அனுமதிக்கப்படும் உச்சச் சுழற்சி வேகத்தில், இயந்திர வேகம், திருத்திய வேகம் (உள்ளே வரும் காற்றின் வெப்பநிலைக்கேற்பச் சரிசெய்த வேகம்) இரண்டிலும், 103 விழுக்காடு வரை அதிர்வை அளக்கச் சொல்கிறது. மேல் எல்லையில் தகைவு, அதாவது உலோகத்துக்குள் எழும் விசையின் செறிவு, இன்னும் ஏறிக்கொண்டிருந்தால் அதிகபட்சமாக இன்னும் 2 விழுக்காட்டுப் புள்ளிகள் தாண்டிப் பார்க்கச் சொல்கிறது. மாறும் நிலைப் பிளேடுகளின் கோணம், காற்றை அழுத்தும் பகுதியான கம்ப்ரசரிலிருந்து எடுக்கப்படும் காற்று, உள்வாய்க் காற்றின் மிக மோசமான சீரின்மை ஆகியவற்றின் விளைவையும் மதிப்பிடச் சொல்கிறது. ஃப்ளட்டரைப் பற்றி என்ன சொல்கிறது? அதைத் தூண்டக்கூடிய அல்லது பாதிக்கக்கூடிய காற்றியக்கக் காரணிகளை, அந்த அதிர்வுக்கு ஆட்படக்கூடிய அமைப்புகளில், மதிப்பிட வேண்டும் என்கிறது. அவ்வளவுதான். அளந்த தகைவு உலோகத்தின் தாங்குவரம்புக்குக் கீழே இருக்க வேண்டும் என்பதும், அந்த இடைவெளி போதுமானதென்று உற்பத்தியாளர் நியாயப்படுத்த வேண்டும் என்பதும் அடுத்த பத்தி.

சிக்கல் இங்கேதான். தகைவு தாங்குவரம்புக்குக் கீழே இருக்கிறதா என்ற கேள்வி ஒத்ததிர்வுக்குப் பொருத்தமானது, ஏனென்றால் அதன் வீச்சு தூண்டுதலுக்கேற்பப் படிப்படியாக ஏறுகிறது. ஃப்ளட்டருக்கு அது பொருத்தமற்ற கேள்வி. எல்லைக் கோட்டுக்கு ஒரு விழுக்காடு இப்புறம் நிற்கும் பிளேடில் தகைவு ஏறக்குறைய ஒன்றுமே இருக்காது. அளவியில் அமைதியான கோடு தெரியும். சோதனை வெற்றி என்று அறிக்கை எழுதுவோம். கோட்டைத் தாண்டிய கணத்தில் அந்த அமைதிக்கு எந்தப் பொருளும் இல்லை. வீச்சை மட்டும் அளந்து, எல்லையிலிருந்து உள்ள விலகலை அறிய முடியாது. தணிப்பை அளக்க வேண்டும். இறக்கைக்கான விதியை எழுதியவர்கள் இதைத் தெளிவாக உணர்ந்திருந்தார்கள் என்பதால்தான் அங்கே நிலைத்தன்மை எப்படிக் குறைகிறது என்ற வாசகமே இடம்பெற்றது. நிறுவனங்கள் தங்கள் உள்விதிகளில் ஃப்ளட்டர் இடைவெளிக்கு எண்கள் வைத்திருப்பதை நான் அறிவேன். ஆனால் நிறுவனத்தின் உள்விதி என்பது கால நெருக்கடியும் செலவு நெருக்கடியும் வரும்போது நிறுவனமே தளர்த்திக்கொள்ளக்கூடியது.

தரையில் அளந்த அமைதி வானில் செல்லாது என்பதற்கு 1989-ஐவிடக் கசப்பான சான்று இல்லை. அந்த ஆண்டு ஜனவரி 8-ஆம் நாள், இங்கிலாந்தின் கெக்வொர்த் ஊரருகே போயிங் 737-400 ஒன்று விழுந்தது. அதிலிருந்த 126 பேரில் 47 பேர் இறந்தனர். மேலேறும்போது இடப்புற எஞ்சினின் விசிறிப் பிளேடு ஒன்று உடைந்ததுதான் தொடக்கம். விமானிகள் தவறுதலாக நலமாயிருந்த வலப்புற எஞ்சினை நிறுத்தியது பற்றியே உலகம் அதிகம் பேசியது, அது நியாயமும்கூட. ஆனால் பிளேடு ஏன் உடைந்தது என்ற பாதி அதே அளவு முக்கியமானது. பழைய எஞ்சினின் உந்துவிசையைக் கூட்டி உருவாக்கிய வகை அது. 10,000 அடிக்கு மேலே உயர் உந்துவிசையில் ஓடும்போது மட்டும் விசிறித் தொகுதி முழுவதும் சேர்ந்து அதிரும் ஒரு பாங்கு அதில் எழுந்தது. வளைவும் முறுக்கலும் பிணைந்த அதிர்வு. சான்றளிப்புக்கான தரைச் சோதனைகளில் அது தலைகாட்டவே இல்லை. அதே ஆண்டு ஜூன் மாதத்தில், 9-ஆம் நாளும் 11-ஆம் நாளும், அதே வகை விமானங்கள் இரண்டில் விசிறிப் பிளேடுகள் அதே முறையில் உடைந்தன. நல்வாய்ப்பாக எவரும் இறக்கவில்லை. எஞ்சின் பணியில் சந்திக்கப்போகும் எல்லா உயரங்களிலும் எல்லா உந்துவிசைகளிலும் கேடு தரும் அதிர்வுத் தகைவு இல்லை என்பதைக் கருவிகள் பூட்டிப் பறந்து காட்டுவதைக் கட்டாயமாக்க வேண்டும் என்று பிரிட்டிஷ் விபத்து விசாரணைப் பிரிவு பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரையின் சொற்களை இன்றைய விதியின் சொற்களோடு பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். அறிவிக்கப்பட்ட பறப்பு வரம்பு முழுவதும் என்ற சொல் விதிக்குள் இருக்கிறது. கருவிகளோடு பறந்து என்பது இல்லை.

உயரம் ஏன் இவ்வளவு மாற்றுகிறது? பிளேடின் காற்றியக்கத்தைத் தீர்மானிப்பது நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதன்று. அந்தச் சுற்று வேகம் உள்ளே வரும் காற்றின் ஒலி வேகத்தோடு கொண்டுள்ள விகிதம். 11 கிலோமீட்டர் உயரத்தில் மாக் 0.8 வேகத்தில் (ஒலி வேகத்தில் பத்தில் எட்டு பங்கு) பறக்கும்போது உள்வாய்க் காற்றின் மொத்த வெப்பநிலை ஏறத்தாழ 245 கெல்வின். தரையில் ஒரு சராசரி நாளில் 288. ஆகவே ஒரே சுழற்சி வேகத்தில், வானில் திருத்திய வேகம் தரையைவிட 8 விழுக்காட்டுக்கும் மேல் அதிகம். பிளேடின் முனையில் அதிர்ச்சி அலை நிற்கும் இடமே வேறு. காற்றின் அடர்த்தி குறைவதால் காற்று தரும் தணிப்பும் குறைகிறது. எஞ்சின் செயல்படும் கோடும், அதாவது காற்றோட்டத்துக்கும் அழுத்தத்துக்கும் உள்ள தொடர்பும், நகர்கிறது. இத்தனையும் ஒருசேர மாறும்போது, தரைச் சோதனைக் கூடத்தில் எடுத்த அளவீட்டை வானுக்கு நீட்டிக் கொள்வதற்கு நாம் நம்பியிருப்பது கணினிக் கணக்கீட்டை மட்டுமே. கணக்கீடுகள் இன்று மிகவும் முன்னேறியிருக்கின்றன, அதை மறுக்கவில்லை. ஆனால் பிளேடின் மேல் காற்று பிரிந்து ஓடும் நிலையில், அதாவது ஃப்ளட்டர் பெரும்பாலும் குடியிருக்கும் நிலையில்தான், அவற்றின் நம்பகம் மிகக் குறைவு.

கெக்வொர்த்துக்கு முன்பே ஒரு முன்னறிவிப்பு வந்திருந்தது. 1973 நவம்பர் 3 அன்று, அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்துக்கு மேலே பறந்த டிசி-10 விமானத்தின் வலப்புற எஞ்சினின் விசிறி சிதறியது. ஒரு துண்டு சன்னலை உடைக்க, பயணி ஒருவர் வெளியே உறிஞ்சப்பட்டு இறந்தார். விசிறி இயல்புக்கு மீறிய வேகத்தை எட்டியதால் பல அலைகள் கொண்ட ஒத்ததிர்வு எழுந்து, பிளேடு முனைகள் உறையில் உராய்ந்ததே காரணம் என்று விசாரணை கூறியது. அந்த அழிவு அதிர்வு துல்லியமாக எப்படித் தொடங்கியது என்பதை அறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றும் அதே அறிக்கை ஒப்புக்கொண்டது. அந்த ஒப்புதல் என்னை எப்போதும் உறுத்தும். பிளேடுகளின் அசைவைப் பதிவு செய்யும் ஒரு கருவிகூட அந்த எஞ்சினில் இல்லை.

அண்மைக் காலத்துக்கு வந்தால், 2018-இல் ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனத்தின் டிரென்ட் 1000 எஞ்சினின் இடைநிலை அழுத்தக் கம்ப்ரசர் பிளேடுகள், குறிப்பிட்ட உயரத்திலும் வெப்பநிலையிலும் உயர் உந்துவிசையில் நீண்ட நேரம் ஓடினால், காற்றோட்டத்தின் தூண்டுதலால் ஒத்ததிர்வுக்கு உள்ளாகின்றன என்று தெரியவந்தது. ஒரு எஞ்சின் நின்றபின் மற்றொன்று நீண்ட நேரம் முழு வலுவில் இழுக்கும்போது ஏற்படும் நிலை அதுவே என்பதால், ஒற்றை எஞ்சினில் பறக்க அனுமதித்த 330 நிமிடத் தொலைவு 140 நிமிடமாகக் குறைக்கப்பட்டது. 2019 ஜூலைக்கும் அக்டோபருக்கும் இடையில் ஏர்பஸ் ஏ220 விமானங்களின் எஞ்சின்கள் மூன்று, தாழ் அழுத்தக் கம்ப்ரசரின் முதல் சக்கரம் உடைந்து வானிலேயே நின்றன. அதன்பின் 29,000 அடிக்கு மேலே விசிறி வேகத்தை 94 விழுக்காட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது என்று கனடிய ஆணையம் கட்டுப்பாடு விதித்தது. முதலாவது தூண்டப்பட்ட ஒத்ததிர்வுதான், ஃப்ளட்டர் அன்று. ஆயினும் இரண்டிலும் பாடம் ஒன்றே: சான்று பெற்று, பயணிகளை ஏற்றிப் பறந்துகொண்டிருந்தபோதுதான் எல்லை எங்கே இருந்தது என்று தெரிந்தது.

அளப்பதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அளக்க முடியாதென்ற பழைய எண்ணத்தின் மேல்தான் இன்றைய விதியின் மௌனம் நிற்கிறது.

விமானி அறையில் ஓர் அதிர்வு மானி இருக்கிறதே என்று பொதுமக்கள் கேட்பதுண்டு. துறைக்குள் இருப்பவர்களும் சில நேரம் கேட்கிறார்கள். அது எஞ்சின் உறையில் அல்லது தாங்கி அருகில் பொருத்திய முடுக்கமானியிலிருந்து வருகிறது. சுழலியின் சமநிலைக் குலைவைக் கண்டறியவே அது வடிவமைக்கப்பட்டது. ஃப்ளட்டரில் பிளேடுகள் சக்கரத்தைச் சுற்றி அலையாக ஓடுகின்றன என்றேன். அந்த அலைக்குச் சக்கரத்தைச் சுற்றி இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட முழு அலைநீளங்கள் இருந்தால், ஒரு பக்கத்துப் பிளேடுகள் தரும் விசையை வேறு பக்கத்துப் பிளேடுகள் முழுமையாக ஈடுசெய்துவிடும். அச்சுத் தண்டுக்கு நிகர விசையும் இல்லை, திருகலும் இல்லை. பிளேடுகள் உடையும் அளவுக்கு ஆடிக்கொண்டிருக்கும்போதும் முடுக்கமானி அமைதியாக இருக்கும். பிளேடு உடைந்து சமநிலை குலைந்த பிறகு மானியின் முள் எழும்பும்; கெக்வொர்த்தில் இடப்புற மானி உச்சத்தில் நின்றதும் உடைந்த பின்புதான். ஆகவே அது உடைந்ததைச் சொல்லும் கருவி, உடையப்போவதைச் சொல்லும் கருவியன்று.

சோதனை எஞ்சின்களில் நெடுங்காலமாக நம்பியிருப்பது பிளேடின் மேல் ஒட்டி அதன் நெளிவை அளக்கும் ஸ்ட்ரெய்ன் கேஜ். அதன் கம்பியை அச்சுத் தண்டு வழியே வெளியே கொண்டுவர வேண்டும், அல்லது சுழலும் வானொலிக் கருவி வழியே சமிக்ஞையை அனுப்ப வேண்டும்; வெப்பத்திலும் மையவிலக்கு விசையிலும் கேஜ்கள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டே வரும். ஆகவே ஒரு சக்கரத்தில் சில பிளேடுகளில் மட்டுமே ஒட்டுவோம். எல்லாப் பிளேடுகளும் ஒரே மாதிரி இருந்தால் அதுவே போதும். ஆனால் உற்பத்தியில் ஏற்படும் நுண்ணிய வேறுபாட்டால் ஒவ்வொரு பிளேடின் இயல்பு அதிர்வெண்ணும் சற்றே மாறுபடுகிறது. அந்த மாறுபாடு தூண்டப்பட்ட அதிர்வின் வீச்சைச் சில பிளேடுகளில் குவித்துவிடுகிறது. பிளேடுகளின் எண்ணிக்கையின் வர்க்க மூலத்தோடு ஒன்றைக் கூட்டி இரண்டால் வகுத்தால் வரும் மடங்கு வரை குவியலாம் என்று ஆய்வாளர் வைட்ஹெட் 1966-இலேயே காட்டினார்; 36 பிளேடு கொண்ட சக்கரத்தில் அது 3.5 மடங்கு. அந்த ஒரு பிளேடில் கேஜ் ஒட்டப்பட்டிருந்ததா என்பது சோதனைப் பொறியாளரின் நல்வாய்ப்பைப் பொறுத்தது.

இதற்கு மாற்று இருக்கிறது, அது புதியதுமன்று. எஞ்சின் உறையில், பிளேடு முனைகள் கடந்து செல்லும் தளத்தில், சில உணரிகளைப் பதிக்கிறோம். ஒளியால் இயங்குபவை உண்டு, மின்தேக்க முறையில் இயங்குபவை உண்டு, சுழல் மின்னோட்ட முறையில் இயங்குபவையும் உண்டு. ஒவ்வொரு பிளேடு முனையும் உணரியைக் கடக்கும் நேரத்தை அது குறிக்கிறது. அச்சுத் தண்டில் சுற்றுக்கு ஒருமுறை வரும் குறிப்பைக் கொண்டு, அதிராத பிளேடு எப்போது வந்திருக்க வேண்டும் என்று கணக்கிடலாம். வந்த நேரத்துக்கும் வந்திருக்க வேண்டிய நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை முனையின் வேகத்தால் பெருக்கினால் முனை எவ்வளவு வளைந்திருக்கிறது என்பது கிடைக்கும். முனை விநாடிக்கு 400 மீட்டர் வேகத்தில் ஓடுகிறதென்றால், ஒரு மில்லிமீட்டர் வளைவு 2.5 மைக்ரோ விநாடி முந்தியோ பிந்தியோ வருவதாகத் தெரியும். பத்தில் ஒரு மில்லிமீட்டர் என்றால் கால் மைக்ரோ விநாடி. இன்றைய மின்னணுக் கருவிகளுக்கு இது கடினமன்று. பிளேடில் எதையும் ஒட்ட வேண்டாம். எல்லாப் பிளேடுகளும் தெரியும்.

இந்த முறைக்கு ஒரு குறை உண்டு, அதை மறைப்பது நேர்மையாகாது. ஓர் உணரி ஒரு பிளேடைச் சுற்றுக்கு ஒருமுறைதான் பார்க்கிறது. நிமிடத்துக்கு 6,000 சுற்று என்றால் விநாடிக்கு 100 பார்வை. 430 ஹெர்ட்ஸில் அதிரும் பிளேடு அந்த உணரிக்கு 30 ஹெர்ட்ஸில் அதிர்வதுபோலத் தெரியும். 330-உம் 530-உம் அப்படியே தெரியும். ஆகவே உணரிகளைச் சம இடைவெளியின்றிப் பலவாக வைத்து, பிளேடின் கணக்கிட்ட அதிர்வெண்ணோடு ஒப்பிட்டே உண்மையைப் பிரித்தெடுக்க வேண்டும். சுழற்சியின் முழு எண் மடங்கில் எழும் ஒத்ததிர்வோ இன்னும் தந்திரமானது: ஒவ்வொரு சுற்றிலும் பிளேடு ஒரே வளைவோடு உணரியைக் கடப்பதால், அதிர்வு அசையாத சாய்வாகவே காட்சியளிக்கும். ஃப்ளட்டர் இந்த விதத்தில் நமக்கு இரங்குகிறது. அது முழு எண் மடங்கில் வருவதில்லை என்பதால் சுற்றுக்குச் சுற்று வருகை நேரம் சிதறுகிறது. அந்தச் சிதறல் எந்த நுட்பக் கணக்கும் இல்லாமலேயே திரையில் கண்ணுக்குத் தெரியும். எல்லாப் பிளேடுகளின் கட்டமும் கையில் இருப்பதால், அலை சக்கரத்தை எத்தனை அலைநீளங்களில் சுற்றுகிறது, சுழற்சியின் திசையிலா எதிர்த்திசையிலா என்றும் பிரித்தறியலாம்.

அமைதியாக இருக்கும் பிளேடிலும் இதே கருவியால் தணிப்பை அளக்கலாம் என்பதுதான் இந்த மடலுக்கு மிக முக்கியமான செய்தி. ஓடும் எஞ்சினுக்குள் காற்றின் குழப்பம் பிளேடுகளை இடைவிடாமல் சிறிதாகத் தட்டிக்கொண்டே இருக்கிறது. அந்தச் சிறு அசைவை அதிர்வெண்வாரியாகப் பிரித்துக் காட்டும் அலைமாலையில், இயல்பு அதிர்வெண்ணில் எழும் முகட்டின் அகலமே தணிப்பின் அளவு. அந்த முகடு குறுகக் குறுகப் பிளேடு எல்லையை நெருங்குகிறது என்று பொருள். வேண்டுமென்றே காற்றுத் தாரையாலோ ஒலியாலோ ஓர் அலையைத் தூண்டிவிட்டு, அது எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது என்று பார்க்கவும் முடியும். இறக்கைக்குப் பறப்புச் சோதனையில் செய்வதும் இதுவே. எல்லையைத் தொடாமலேயே எல்லை எங்கே என்று சொல்லும் வழி கையில் இருக்கும்போது, தொட்டுப் பார்த்தால்தான் தெரியும் என்ற காலத்தின் விதியை ஏன் வைத்திருக்கிறோம்?

வடிவமைப்பில் தடுக்கும் வழிகளைப் பற்றி உற்பத்தியாளர்களுக்குப் பாடம் எடுப்பது என் நோக்கமன்று. பிளேடின் அதிர்வெண்ணையும் அகலத்தையும் பெருக்கி, காற்றின் சார்பு வேகத்தால் வகுத்தால் வரும் எண் சிறுத்தால் ஆபத்து என்பது அடிப்படை. அதனால்தான் பழைய விசிறிகளில் பிளேடுகளின் நடுவில் ஒன்றையொன்று தாங்கும் புடைப்புகள் இருந்தன. 1984-இல் பணிக்கு வந்த ரோல்ஸ்-ராய்ஸின் ஆர்பி211-535இ4 எஞ்சின் உள்ளீடற்ற அகலப் பிளேடுகளைக் கொண்டு அவற்றை விட்டொழித்தது. அடுத்தடுத்த பிளேடுகளின் அதிர்வெண்ணை வேண்டுமென்றே ஓரிரு விழுக்காடு மாற்றி வைத்தால் அலை சக்கரம் முழுதும் ஒருமித்து வளராமல் தடைபடும். இது ஃப்ளட்டருக்கு நல்ல மருந்து, ஆனால் முன்பு சொன்ன குவிப்பின் காரணமாக ஒத்ததிர்வுக்கு நஞ்சாகவும் ஆகலாம். சில எஞ்சின்களில் தரையில் நிற்கும்போது குறிப்பிட்ட வேக இடைவெளியில் நீடிக்காதபடி கட்டுப்பாட்டுக் கணினியே பார்த்துக்கொள்கிறது. எல்லாம் நல்ல ஏற்பாடுகள். ஆனால் போக்கு எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள்: பிளேடுகள் நீள்கின்றன, மெலிகின்றன, இலேசாகின்றன, உள்வாய்களின் நீளம் குறைகிறது, அதனால் பிளேடிலிருந்து கிளம்பும் ஒலி அலை உள்வாயின் விளிம்பில் பட்டுத் திரும்பி வரும் தொலைவும் குறுகுகிறது, பிளேடையும் சக்கரத்தையும் ஒரே உலோகத் துண்டாகக் கடைவதால், பிளேடின் வேரில் உராய்வு தந்த தணிப்பும் இல்லாமல் போகிறது. எரிபொருளை மிச்சப்படுத்தும் ஒவ்வொரு நல்ல முடிவும் ஃப்ளட்டரின் பக்கம் ஓர் அடி நகர்த்துகிறது.

அதைவிட எனக்குக் கவலை தருவது, சான்று பெற்ற பிறகு நடக்கும் சின்னச் சின்ன மாற்றங்கள். கட்டுப்பாட்டு மென்பொருளின் புதிய பதிப்பு நிலைப் பிளேடுகளின் கோணத்தைச் சில பாகை மாற்றுகிறது. உந்துவிசை கொஞ்சம் கூட்டப்படுகிறது. பறவை மோதிய பிளேடின் விளிம்பை இழைத்துச் சரிசெய்து திரும்ப ஓட்டுகிறோம். மாற்றுப் பிளேடை எடையும் சமநிலையும் பார்த்துப் பொருத்துகிறோம், அதன் அதிர்வெண் பக்கத்துப் பிளேடோடு எப்படிப் பொருந்துகிறது என்று பெரும்பாலும் பார்ப்பதில்லை. ஆண்டுகள் ஓட ஓடப் பிளேடு முனைக்கும் உறைக்கும் இடையே இடைவெளி கூடுகிறது, முன்விளிம்பு அரிக்கப்படுகிறது, எஞ்சின் செயல்படும் கோடு மெல்ல நகர்கிறது. இவை ஒவ்வொன்றும் தனித்தனியே பார்த்தால் சிறு மாற்றம் என்ற பெட்டிக்குள் அடங்கிவிடும். எல்லையிலிருந்து எஞ்சின் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்ற எண்ணே எங்கும் பதிவாகவில்லை என்றால், சிறு மாற்றம் எந்த அளவுக்குச் சிறியது என்று யார் சொல்ல முடியும்?

ஆகவே என் கோரிக்கைகள் இவை. முதலில், விதி 33.83-இலும் அதற்கு இணையான ஐரோப்பிய விதி சி.எஸ்.-இ 650-இலும் ஃப்ளட்டருக்கெனத் தனிப் பத்தி வேண்டும். அதில் திருத்திய வேகத்திலும், செயல்படும் கோட்டின் உயரத்திலும், நிலைப் பிளேடுகளின் கோணப் பிழையிலும் எவ்வளவு விலகல் வரை தணிப்பு நேர்மறையாக இருக்க வேண்டும் என்று எண்ணால் சொல்ல வேண்டும். அந்த எண் எதுவென்று நான் இங்கே அறிவிக்கப்போவதில்லை. விசிறிக்கு ஒன்றும் கம்ப்ரசரின் பின்கட்டங்களுக்கு வேறொன்றும் தேவைப்படலாம். அது உங்கள் குழுக்கள் உற்பத்தியாளர்களோடு அமர்ந்து முடிவு செய்ய வேண்டியது. இறக்கைக்கு 15 என்று ஒரு குழு ஒரு காலத்தில் துணிந்து எழுதியது என்பதை மட்டும் நினைவுபடுத்துகிறேன். அந்த விலகலை அளவீட்டால் காட்ட வேண்டும். கணக்கீடு துணைக்கு வரலாம். அளவீடு விசிறிக்கும் முன்கட்டக் கம்ப்ரசர் சக்கரங்களுக்கும் எல்லாப் பிளேடுகளையும் பார்க்கும் முறையிலும், உண்மையான உயரத்தில் பறந்தோ உயரச் சோதனை அறையிலோ நடக்க வேண்டும். உந்துவிசை, நிலைப் பிளேடுகளின் கோண ஒழுங்கு, உள்வாயின் வடிவம் ஆகியவற்றில் எதை மாற்றினாலும், அது மென்பொருள் வழியாக வந்தாலும் சரி, அந்த எண் எவ்வளவு கரைந்தது என்று மறுபடியும் காட்டாமல் சான்று தரக் கூடாது.

அடுத்தது பணியில் ஓடும் எஞ்சின்கள் பற்றியது. இதில் எதிர்ப்பு வரும் என்று தெரியும். உறையில் துளையிடுவது உறையின் வலிமையைப் பாதிக்கும், உடைந்த பிளேடை உள்ளேயே அடக்கும் கடமை உறைக்கு இருக்கிறது என்பார்கள். சரியான கவலைதான், ஆகவே எல்லா எஞ்சினிலும் வைக்கச் சொல்லவில்லை. ஒவ்வொரு எஞ்சின் வகையிலும், மற்றவற்றைவிட அதிகப் பணி நேரம் ஓடிய சில எஞ்சின்களில் மட்டும் இந்த உணரிகளைப் பொருத்தி, தேய்மானத்தோடு தணிப்பு எப்படி மாறுகிறது என்று பதிவு செய்தால் போதும். அத்தகைய எஞ்சினின் உறையை அதற்கேற்ப வடிவமைத்துத் தனியாகச் சான்று பெறலாம். உணரிகள் பொய் எச்சரிக்கை தரும் என்பது இன்னொரு வாதம். விமானி அறையில் புதிய எச்சரிக்கை விளக்கு எதுவும் வேண்டாம் என்பதே என் கருத்தும். இந்தத் தரவு தரையில் பொறியாளர்கள் படிக்க வேண்டியது, பறக்கும்போது எவரும் பதற வேண்டியதில்லை.

பிளேடு வடிவமும் அதன் தணிப்பும் தொழில் ரகசியம் என்ற வாதத்தையும் நான் ஒதுக்கவில்லை. வடிவத்தை வெளியிட வேண்டாம். ஆனால் ஒரு வகை எஞ்சினில் எல்லை தொடப்பட்டதென்றால், எந்தச் சக்கரத்தில், எந்த அதிர்வுப் பாங்கில், எந்த உயரத்திலும் திருத்திய வேகத்திலும் அது நடந்தது என்பதை எல்லா ஆணையங்களோடும் ஒரே படிவத்தில் உடனே பகிர வேண்டும். இன்று அந்தத் தகவல் ஒரு நாட்டின் விசாரணை அறிக்கையிலும், இன்னொரு நாட்டின் பறப்புத் தகுதி ஆணையிலும், மூன்றாவதாக நிறுவனத்தின் உள்ளறிக்கையிலும் துண்டுதுண்டாகக் கிடக்கிறது. அடுத்த எஞ்சினை வடிவமைக்கும் குழுவின் மேசைக்கு முழுமையாக வந்து சேருவதில்லை.

இந்தத் திருத்தங்களை வரைவு செய்வதற்கு அளவீட்டுத் துறையிலிருந்து எந்தத் தொழில்நுட்ப உதவி தேவைப்பட்டாலும், சோதனைத் தரவைப் படிப்பதானாலும், உணரி இடைவெளிகளைக் கணக்கிடுவதானாலும், படிவத்தை வடிவமைப்பதானாலும், கைகொடுக்க என்னைப் போன்ற பலர் அணியமாக இருக்கிறோம். வரைவின் முதல் பதிப்பைப் பொதுக் கருத்துக்கு வைக்கும்போது, எண்ணுக்கான இடத்தை வெற்றிடமாக விட்டாவது அந்தப் பத்தியைச் சேர்த்து வெளியிடுங்கள். அதை நிரப்பும் விவாதம் அங்கேயே தொடங்கட்டும்.

மரியாதையுடன்,
அதிர்வு அளவீட்டுப் பொறியாளர் ஒருவர்